வெளிநாட்டு அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்புவது எப்படி: எண்ணைச் சரிபார்ப்பதிலிருந்து ரிப்போர்ட்டைப் படிப்பது வரை

'இந்தக் காலத்தில் யார் ஃபேக்ஸ் அனுப்புகிறார்கள்?' என்ற கேள்வி, வெளிநாட்டு வரி அலுவலகத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ முதல் கடிதம் வந்து சேரும் வரைதான். கடிதத்தின் தலைப்பில் தொலைபேசி எண்ணுக்குக் கீழே ஃபேக்ஸ் எண் இருக்கும். மின்னஞ்சல் முகவரி இருக்காது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்துகொண்டு அந்நாட்டு வரித்துறையிடம் நிறுவன அடையாள எண் கேட்பவர் இணையத்தில் விண்ணப்பிக்க முடியாது. தொலைபேசி, ஃபேக்ஸ், அஞ்சல் என்ற மூன்று வழிகளே அவருக்கு உண்டு. ஜெர்மன் நீதிமன்றங்கள், வழக்கறிஞர் இல்லாமல் தனிநபர் அனுப்பும் கையெழுத்திட்ட ஃபேக்ஸை எழுத்து வடிவ மனுவாகவே ஏற்கின்றன. ஜப்பானில் அரசு அலுவலகங்களிலும் சிறு நிறுவனங்களிலும் ஃபேக்ஸ் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது.

எல்லா நாடும் அப்படியில்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் 2019 ஜனவரி முதல் ஃபேக்ஸ் மெஷின் வாங்கவே தடை. அதனால் பழைய கடிதத்திலோ பழைய படிவத்திலோ கிடைத்த எண்ணை நம்பி உட்காராதீர்கள். அலுவலகத்தின் இன்றைய இணையப் பக்கத்தில் அந்த எண் இன்னும் இருக்கிறதா, நீங்கள் அனுப்பப்போகும் ஆவணத்தை ஃபேக்ஸில் ஏற்கிறார்களா, பிறகு அசலையும் தபாலில் அனுப்பச் சொல்கிறார்களா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்த நிம்மதியில் அசலை அனுப்ப மறந்து, கோப்பு அப்படியே தேங்கி நிற்கும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: ஃபேக்ஸ் என்பது ஒரு தொலைபேசி அழைப்பு. உலகெங்கும் உள்ள மெஷின்கள் 1980-இல் வகுக்கப்பட்ட 'குரூப் 3' தரத்தை ஒட்டியே இன்றும் பேசிக்கொள்கின்றன. ஆகவே உங்கள் மெஷினுக்கும் அங்கிருக்கும் மெஷினுக்கும் ஒத்துப்போகுமா என்ற கவலை வேண்டாம். கோளாறு வந்தால் பெரும்பாலும் எண்ணில் இருக்கும், அல்லது லைனில் இருக்கும்.

எண்ணை டயல் செய்யும் வடிவத்துக்கு மாற்றுதல்

கடிதத்தில் அச்சாகியிருக்கும் எண் அந்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே அழுத்தினால் போகாது. இந்த வரிசையில் மாற்றுங்கள்: உங்கள் நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு அழைக்கும் முன்னெண், அடுத்து அவர்கள் நாட்டுக் குறியீடு, பிறகு பகுதிக் குறியீடு, கடைசியில் உள்ளூர் எண்.

முன்னெண் பெரும்பாலான நாடுகளில் 00. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் அழைத்தால் 011, ஜப்பானிலிருந்து 010, ஆஸ்திரேலியாவிலிருந்து 0011. '+' என்று அச்சிட்டிருப்பது இந்த முன்னெண்ணுக்குப் பதில்தான். கைப்பேசியில் '+' வேலை செய்யும். ஆனால் மேசை மீதிருக்கும் பல ஃபேக்ஸ் மெஷின்களுக்கு அது புரியாது, முன்னெண்ணை இலக்கமாகவே அழுத்த வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது பூஜ்யத்தில். ஒரு லண்டன் அலுவலகம் தன் எண்ணை +44 (0)20 7946 0018 என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குள் இருக்கும் 0, உள்நாட்டிலிருந்து அழைப்பவருக்கு மட்டும். நீங்கள் அழுத்த வேண்டியது 00 44 20 7946 0018. இதையே எல்லா நாட்டுக்கும் விதியாக எடுத்துக்கொண்டால் இத்தாலியில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே லேண்ட்லைன் எண்ணின் முதல் பூஜ்யம் எண்ணின் அங்கம். ரோம் நகரத்து எண் 00 39 06 என்றுதான் தொடங்க வேண்டும். ரஷ்யாவில் உள்நாட்டு முன்னெண் 0 அல்ல, 8. ஹங்கேரியில் அது 06. வெளியிலிருந்து அழைக்கும்போது இந்த இரண்டையும் விட்டுவிட வேண்டும். சிங்கப்பூர், ஹாங்காங், நார்வே போன்ற இடங்களில் பகுதிக் குறியீடே கிடையாது. நாட்டுக் குறியீட்டுக்குப் பின் நேராக எண்.

ஜெர்மன் கடிதங்களில் 030 23125-140 என்று கோடு போட்டு எழுதியிருப்பார்கள். கோட்டுக்குப் பின்னால் இருப்பது அந்த அலுவலகத்தின் உள் இணைப்பு எண். அதையும் சேர்த்து ஒரே மூச்சில் டயல் செய்யலாம். கோட்டுக்குப் பின் வெறும் 0 இருந்தால் அது வரவேற்பு மேசை, ஃபேக்ஸ் அல்ல.

அமெரிக்க எண்களில் வேறொரு பொறி. 800, 833, 844, 855, 866, 877, 888 என்று தொடங்குபவை அழைப்பவருக்குக் கட்டணமில்லாத எண்கள். இவற்றில் பல வெளிநாட்டிலிருந்து எட்டுவதே இல்லை. வேறு நாடுகளின் 0800 எண்களும் இதே கதைதான். அரசு அலுவலகங்களுக்கு இது தெரியும் என்பதால், வெளிநாட்டிலிருந்து அனுப்புவோருக்கென்று சாதாரணப் பகுதிக் குறியீட்டுடன் இன்னொரு எண் தந்திருப்பார்கள். அமெரிக்க வரித்துறையிடம் நிறுவன அடையாள எண் கேட்கும் எஸ்.எஸ்.-4 படிவத்துக்கு உள்நாட்டு ஃபேக்ஸ் எண் 855-இல் தொடங்குகிறது. வெளிநாட்டவருக்கான எண் மேற்கு வர்ஜீனியாவின் 304-இல் தொடங்குகிறது. படிவத்தின் விளக்கக் குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டால் நாள் முழுக்க டயல் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

எழுதி முடித்ததும் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து, உங்கள் முன்னெண்ணை விட்டுவிட்டு, ஒரு தொலைபேசி எண் 15 இலக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. தாண்டினால் எங்கோ ஒரு பூஜ்யமோ நாட்டுக் குறியீடோ இருமுறை நுழைந்திருக்கிறது.

அனுப்பும் முன் ஒருமுறை காதால் கேளுங்கள்

முதல் முறை அனுப்பும் எண்ணாக இருந்தால், சாதாரணத் தொலைபேசியிலிருந்து, அவர்களுடைய அலுவலக நேரத்தில் அழைத்துப் பாருங்கள். எதிரே ஃபேக்ஸ் மெஷின் இருந்தால் மூன்று நொடி போல ஒரே சுருதியில் 'பீ...' என்று நீண்ட ஒலி வரும். அது 2100 ஹெர்ட்ஸ் ஒலி. அதைத் தொடர்ந்து கரகரவென்று ஒரு இரைச்சல். கேட்டதும் வைத்துவிடலாம், எண் சரி.

மனிதக் குரல் வந்தால் இரண்டில் ஒன்று: தப்பான எண், அல்லது பேச்சுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைனை வைத்திருக்கும் சிறு நிறுவனம். பின்னதாக இருந்தால் எடுத்தவரிடம் சொல்லுங்கள், அவர் பக்கத்தில் தொடக்க பட்டனை அழுத்துவார். அனுப்பும் மெஷின் அழைத்தவுடன் மூன்று நொடிக்கு ஒருமுறை அரை நொடி நீளத்துக்கு 'பீப்' ஒலி எழுப்பும்; 'இது ஃபேக்ஸ் அழைப்பு' என்று எதிர்முனைக்கு அறிவிப்பது அதுதான். இந்த ஒலியைக் கேட்டுத் தானாக மாறிக்கொள்ளும் பொது லைன்களும் உண்டு. அவற்றைச் சாதாரணத் தொலைபேசியில் சோதித்தால் குரலோ பதிவுக்கருவியோதான் எடுக்கும். அதனால் குரல் கேட்டவுடன் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

ஏறிக்கொண்டே போகும் மூன்று ஒலிகளும் அவற்றுக்குப் பின் ஒரு பதிவு அறிவிப்பும் வந்தால், அந்த எண் புழக்கத்தில் இல்லை அல்லது மாறிவிட்டது. மொழி புரியாவிட்டாலும் அந்த மூன்று ஒலிகளே சொல்லிவிடும்.

சில இடங்களில் தானியங்கிக் குரல் எடுத்து, உள் இணைப்பு எண்ணை அழுத்தச் சொல்லும். மெஷினைத் தானாக டயல் செய்ய விட்டால் இங்கே சிக்கிக்கொள்ளும். கையால்தான் செய்ய வேண்டும். காகிதம் செலுத்தும் தட்டில் தாள்களை வைத்துவிட்டு, ஹூக் அல்லது மானிட்டர் என்று பெயரிட்ட பட்டனை அழுத்துங்கள்; ஸ்பீக்கரில் டயல் ஒலி கேட்கும். எண்ணை அழுத்துங்கள். தானியங்கிக் குரல் பேசி முடித்ததும் உள் இணைப்பு எண்ணை அழுத்துங்கள். நீண்ட 'பீ' கேட்ட கணத்தில் தொடக்க பட்டன். அதற்கு முன் அழுத்தினால் மெஷின் பேசத் தொடங்கிவிடும், கேட்க எதிரே யாரும் இருக்க மாட்டார்கள்.

காகிதத்தைத் தயார்செய்தல்

ஃபேக்ஸுக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். மஞ்சள் ஹைலைட்டர் சில மெஷின்களில் கறுப்புப் பட்டையாக மாறி, நீங்கள் அழுத்திக்காட்ட நினைத்த வரியையே விழுங்கிவிடும். பென்சில் எழுத்து காணாமல் போகும். வெளிர்நீல மையும் மங்கிய ஊதா முத்திரையும் பாதிதான் பதியும். ஆகவே கறுப்பு மை, வெள்ளைக் காகிதம், 12 புள்ளிக்குக் குறையாத எளிய எழுத்துரு.

நுணுக்கத்தை முடிவுசெய்வது ரெசல்யூஷன். 'ஸ்டாண்டர்ட்' நிலையில் மெஷின் காகிதத்தை மேலிருந்து கீழாக அங்குலத்துக்கு 98 கோடுகளாக நறுக்கிப் படிக்கிறது. 'ஃபைன்' நிலையில் 196. 10 புள்ளி அளவில் அச்சான ஓர் இலக்கத்தின் உயரம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். ஸ்டாண்டர்டில் அதன் மேல் ஒன்பது, பத்து கோடுகள்தான் ஓடும். 8-இன் இரண்டு கண்களும் அடைந்துபோவதும், 3-க்கும் 8-க்கும் 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் அழிவதும் இங்கேதான். பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு எண், வழக்கு எண் எதுவாவது இருக்கும் பக்கத்தை எப்போதும் ஃபைனில் அனுப்புங்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பரவாயில்லை. 'ஃபோட்டோ' நிலையைத் தொடாதீர்கள். சாம்பல் நிறங்களைப் புள்ளிகளாக உடைத்து அனுப்பும் அது ஒரே பக்கத்துக்குப் பல நிமிடம் எடுத்து, நீண்ட வெளிநாட்டு அழைப்பு நடுவில் அறுந்துபோக வழி செய்யும்.

அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ அனுப்ப வேண்டுமானால் நேராக வைக்காதீர்கள். பின்னணி வேலைப்பாடு முழுக்கக் கறுப்பாகி, பெயரும் முகமும் மறைந்துவிடும். முதலில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, 'லைட்' பக்கம் இரண்டு படி தள்ளி நகல் எடுங்கள். அந்த நகலை அனுப்புங்கள். அழுத்திப் பதித்த மேடு முத்திரை நகலில் விழவே விழாது. நகலின் மேல் அந்த இடத்தில் முத்திரை இருந்ததை அடைப்புக்குறிக்குள் எழுதிக்காட்டுங்கள்; அசலின் மேல் பென்சில் தேய்க்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

காகித அளவும் ஒரு தொல்லை. ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர்; அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் லெட்டர் தாள் 279. உங்கள் பக்கத்தின் அடியில் இருக்கும் 18 மில்லிமீட்டருக்கு அங்கே இடமில்லை. அந்த மெஷின் பக்கத்தைச் சுருக்கலாம், கடைசி வரியைத் தனித் தாளில் துப்பலாம், வெட்டியும் விடலாம். கையெழுத்தும் தேதியும் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கும். அடியில் மூன்று சென்டிமீட்டர் வெறுமையாக விட்டுத் தயார்செய்தால் இந்தப் பிரச்சினை எழாது.

தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, ஐரோப்பியருக்கு ஏப்ரல் 3. கையால் இலக்கம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் 7-இன் நடுவில் குறுக்குக் கோடு போடுங்கள். அங்கே 1-ஐ மேல்நோக்கிய நீண்ட கொம்புடன் எழுதுவது வழக்கம் என்பதால், கோடில்லாத 7-ஐ 1 என்று படித்துவிடுவார்கள்.

அனுப்பும் முன் காகிதம் செலுத்தும் அதே தட்டு வழியாக ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். பக்கம் நெடுக மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு விழுகிறதா? தட்டுக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை இருக்கும்; அதில் ஒட்டிய ஒரு துளி வெள்ளை மையோ ஸ்டேபிள் பின் கீறலோ போதும், எல்லாப் பக்கத்திலும் கோடு. பெரிய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பயனில்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் அந்தப் பட்டையைத் துடையுங்கள். இந்தக் கோடு உங்கள் கையிலிருக்கும் தாளில் தெரியாது, பெறுபவருக்கு மட்டுமே தெரியும். பலர் மாதக்கணக்கில் கோடு போட்ட பக்கங்களை அனுப்பிக்கொண்டிருப்பது இதனால்தான்.

முகப்புத் தாள்

ஒரு பெரிய அலுவலகத்தில் ஃபேக்ஸ் விழும் அறையும் உங்கள் கோப்பு இருக்கும் மேசையும் வேறு வேறு மாடியில் இருக்கும். நடுவில் இருப்பவர் பத்து நொடி பார்த்துவிட்டு எந்தத் தட்டில் போடுவது என்று முடிவுசெய்வார். அந்தப் பத்து நொடிக்காகத்தான் முகப்புத் தாள். அதில் இவ்வளவு போதும்:

பெறுநர்: அலுவலகம், பிரிவு, தெரிந்தால் அதிகாரி பெயர்
பெறும் ஃபேக்ஸ் எண்
அனுப்புநர்: பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் பெயர், நாடு
பதிலுக்கான ஃபேக்ஸ், தொலைபேசி: நாட்டுக் குறியீட்டுடன்
கோப்பு எண்: அவர்கள் கடிதத்தில் உள்ளபடி
பொருள்: ஒரே வரி
பக்கங்கள்: இத்தாளையும் சேர்த்து 6

கோப்பு எண்ணை எழுத்து, சாய்கோடு, இடைவெளி எதையும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். ஜெர்மன் கடிதங்களில் அது 'Aktenzeichen' (ஆக்டென்சைஷன்) என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும். முகப்பில் எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் கோப்பு எண்ணும் '2/6' போல பக்க எண்ணும் வேண்டும். தாள்கள் கலைந்துபோவது அங்கே அன்றாட நிகழ்ச்சி.

மொழி அவர்களுடையதாக இருக்கட்டும், முடியாவிட்டால் ஆங்கிலம். ஃபேக்ஸ் படமாகவே போவதால் எந்த லிபியும் போகும், தமிழும் போகும். ஆனால் இணையச் சேவைகளின் முகப்புப் படிவத்தில் தமிழில் தட்டச்சு செய்தால் அங்கே கட்டம் கட்டமாக விழ வாய்ப்புண்டு. முகப்பையும் உங்கள் பி.டி.எஃப். கோப்பின் முதல் பக்கமாகவே வைத்துவிட்டு, சேவையின் முகப்பை அணைத்துவிடுங்கள்.

மெஷினின் அமைப்பில் உங்கள் பெயரையும் எண்ணையும் '+' உடன் பதிந்துவைத்தால் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அது தேதி, நேரத்துடன் தானாக அச்சாகும். 1991-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் இந்தத் தகவல்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மெஷினின் கடிகாரம் தவறாக இருந்தால் அந்தத் தலைப்பு உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும், திருத்திவையுங்கள். தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கேட்காத விளம்பரத்தை அமெரிக்க எண்களுக்கு ஃபேக்ஸில் அனுப்பாதீர்கள். அதே சட்டப்படி, பெற்றவர் ஒவ்வொரு மீறலுக்கும் 500 டாலர் கேட்டு வழக்குப் போட முடியும்.

டயல் செய்து அனுப்புதல்

காகிதத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தட்டில் ஒரு சின்னப் படம் பொறித்திருக்கும். பார்த்துவிட்டு வையுங்கள். தலைகீழாக வைத்தால் வெள்ளைத் தாள்கள் போய்ச் சேரும், மெஷின் 'ஓகே' என்றும் சொல்லும்.

அலுவலக எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளியே போக 9 அல்லது 0 அழுத்த வேண்டுமென்றால், அதன் பின் ஒரு 'பாஸ்' (டயலில் ஒரு சிறு இடைநிறுத்தம்) சேர்த்துவிட்டு முன்னெண்ணைத் தொடங்குங்கள். மறு டயல் பட்டனே பல மெஷின்களில் பாஸ் பட்டனும்கூட. திரையில் ஒரு சிறு கோடாகவோ 'பி' எழுத்தாகவோ தெரியும்.

வெளிநாட்டு அழைப்பு எதிர்முனையில் மணியடிக்கவே பத்து, பதினைந்து நொடி ஆகலாம். டயல் முடிந்த கணத்திலிருந்து மெஷின் சுமார் 35 நொடிதான் காத்திருக்கும். பதில் ஒலி வராவிட்டால் துண்டித்துவிட்டு 'பதில் இல்லை' என்று எழுதிவிடும். காதால் சோதித்தபோது ஃபேக்ஸ் ஒலி வந்தும் மெஷின் இப்படிச் சொன்னால், எண்ணின் கடைசியில் மூன்று நான்கு பாஸ் சேர்த்துச் சேமியுங்கள். அந்தப் பாஸ்களும் டயலின் பகுதியாகவே கணக்காவதால் காத்திருப்பு அவ்வளவு தூரம் தள்ளிப்போகும்.

எப்போது அனுப்புவது? பெரிய அரசு அலுவலகங்களின் மெஷின் இரவும் பகலும் ஓடும். அவர்களுடைய நள்ளிரவுக்குப் பின் அனுப்பினால் லைன் ஓய்வாக இருக்கும். சிறு நிறுவனத்துக்கு அவர்கள் அலுவலக நேரமே நல்லது. இரவில் மெஷினை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

முப்பது பக்கத்தை ஒரே அழைப்பில் தள்ளாதீர்கள். பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முகப்பு வைத்து 'தொகுதி 1/3' என்று குறியுங்கள். இருபத்தெட்டாம் பக்கத்தில் அறுந்தால் முழுவதையும் மறுபடி அனுப்பும் அவஸ்தை தப்பும்.

லைன் ஒத்துழைக்காதபோது

இரண்டு மெஷின்களும் முதலில் நொடிக்கு 300 பிட் வேகத்தில் மெதுவாக அறிமுகம் செய்துகொள்கின்றன. பிறகு 14,400 அல்லது, புதியவையாக இருந்தால், 33,600 பிட் வேகத்துக்குத் தாவப் பார்க்கின்றன. தூரத்து லைனில் எதிரொலியும் இரைச்சலும் இருந்தால் இந்தத் தாவலில்தான் விழும். 'தகவல் தொடர்புப் பிழை' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் இதுவே பொருள். மருந்து, வேகத்தைக் குறைப்பது. முதலில் சூப்பர் ஜி3 என்ற 33,600 வேகத்தை அணையுங்கள். போகவில்லையா, 9,600-க்கு இறக்குங்கள். அதுவும் தவறினால் 4,800. சில மெஷின்களில் 'ஓவர்சீஸ் மோட்' என்று ஒன்று இருக்கும், வெளிநாட்டு லைனின் குறுக்கீட்டைத் தாங்குவதற்கானது. ஒரு ஃபேக்ஸ் போனதும் அது தானே அணைந்துவிடும் மாடல்கள் உண்டு; ஒவ்வொரு முறையும் போட வேண்டும்.

ஈ.சி.எம். என்ற பிழைதிருத்தம் கத்தி மாதிரி, இரு பக்கமும் வெட்டும். அது இருந்தால் கெட்டுப்போன துண்டுகளை எதிர்மெஷின் திரும்பக் கேட்டு வாங்கும், பக்கம் சுத்தமாகப் போகும். லைன் மிக மோசமென்றால் கேட்பதும் கொடுப்பதுமாகவே காலம் போய், கடைசியில் அறுந்துவிடும். அப்போது அணைத்துப் பார்க்கலாம். அணைத்தால் பக்கம் போய்ச் சேரும், ஆனால் அங்கங்கே வரிகள் சிதைந்திருக்கலாம். சாதாரணக் கடிதத்துக்குச் சரி. எண்கள் நிறைந்த பட்டியலுக்கு வேண்டாம்.

உங்கள் தொலைபேசி இணைய ரவுட்டரிலிருந்து வருகிறதென்றால் சந்தேகத்தை முதலில் அங்கே வையுங்கள். பேச்சைச் சுருக்கும் ஜி.729 போன்ற முறைகள் குரலுக்காக உருவானவை. ஃபேக்ஸின் ஒலி அவற்றில் நசுங்கிவிடும். சேவை நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'இணையம் வழி ஃபேக்ஸுக்கான டி.38 வசதி இருக்கிறதா, இல்லாவிட்டால் ஒலியை அவ்வளவாக நசுக்காத ஜி.711 முறையிலாவது அழைப்பு போகுமா?' மெஷினில் வேகத்தை 9,600-க்கு இறக்கி, ஈ.சி.எம்.-ஐ அணையுங்கள். 'வாய்ப்' என்ற இணையத் தொலைபேசி இணைப்புக்கென்று தனி அமைப்பு இருந்தால் அது இந்த இரண்டையும் சேர்த்தே செய்துவிடும். கால் வெயிட்டிங்கையும் நிறுத்துங்கள். நடுவில் வரும் அந்த ஒரு 'டொக்' போதும், பக்கம் அறுந்துவிடும்.

மெஷினே இல்லாதவர்களுக்கு இணைய ஃபேக்ஸ் சேவைகள் இருக்கின்றன. மாதம் இரண்டு முறை அனுப்புகிறவருக்கு அதுவே புத்திசாலித்தனம். எண்ணை '+' உடன், இடைவெளி இல்லாமல் கொடுக்க வேண்டும். உங்கள் வண்ண பி.டி.எஃப்.-ஐ அவர்கள் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றித்தான் அனுப்புவார்கள். அந்த மாற்றத்தை முன்கூட்டியே நீங்கள் செய்து, 200 டி.பி.ஐ. கறுப்பு வெள்ளையில் சேமித்துத் திரையில் பாருங்கள். அங்கே படிக்க முடியாதது அலுவலகத்திலும் படிக்க முடியாது. பொது இடத்து மெஷினைப் பயன்படுத்தினால் கண்ணாடியின் மேல் அசல் தங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு, நினைவகத்தில் ஏறிய உங்கள் பக்கங்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டைப் படித்தல்

ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் ரிப்போர்ட் அச்சாகும்படி அமைத்துவையுங்கள், முதல் பக்கத்தின் சிறு படத்துடன் என்றால் இன்னும் நல்லது. வந்ததும் 'ஓகே'யை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். டயல் செய்த எண், பக்கங்கள், எடுத்த நேரம், எதிர்முனையின் அடையாளம் நான்கையும் பாருங்கள். எதிர்முனை அடையாளம் என்பது அந்த மெஷின் தன்னைப் பற்றி அனுப்பும் அதிகபட்சம் 20 எழுத்துள்ள வரி, பெரும்பாலும் அதன் எண். அதன் கடைசி நான்கு இலக்கமும் நீங்கள் டயல் செய்ததும் ஒத்துப்போனால் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. சில அலுவலகங்கள் இதை அமைப்பதே இல்லை. வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம்.

எடுத்த நேரம் அதிகம் பேசும். எழுத்து நிறைந்த ஒரு பக்கம் 9,600 வேகத்தில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை எடுக்கும். வெள்ளைப் பரப்பு நன்றாகச் சுருங்கும் என்பதால் வெறும் தாள் சில நொடியில் ஓடிவிடும். அதே வேகத்தில் ஐந்து பக்கம் முப்பது நொடியில் 'ஓகே' ஆகியிருந்தால் நீங்கள் தாளைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்.

'ஓகே' என்பதற்கு, எதிர்மெஷின் சிக்னலை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். அங்கே காகிதம் தீர்ந்து எல்லாம் நினைவகத்தில் காத்திருக்கலாம். ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2006-இல் இதைத் தெளிவாக்கியது: சிக்னல் முழுமையாகப் பெறப்பட்ட நேரமே ஃபேக்ஸ் வந்து சேர்ந்த நேரம், அச்சான நேரம் அல்ல. அனுப்புபவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் கடைசிப் பக்கம் நள்ளிரவுக்குள் போயிருக்க வேண்டும், அதுவும் அவர்கள் நேரப்படி. கெடு நாளில் ஐந்து நிமிடம் இருக்கும்போது தொடங்கினால், லைன் பிஸியாக இருப்பதற்குக்கூட இடமிருக்காது. ஜெர்மன் நீதிமன்றங்கள் அனுப்புநரின் 'ஓகே' தாளை முழுச் சான்றாக ஏற்காமல், ஒரு அறிகுறியாக மட்டுமே கொள்கின்றன. எறிந்துவிட அது காரணமல்ல. அனுப்பிய அசல், முகப்பு, ரிப்போர்ட் மூன்றையும் ஒன்றாகப் பின் செய்து வையுங்கள்.

பதில் வரவில்லையே என்று மறுநாளே மறுபடி அனுப்பாதீர்கள். ஒரே விண்ணப்பம் இருமுறை பதிவாகி, ஒன்றை நீக்கும் வேலை சேர்ந்து, தாமதம்தான் கூடும். நிறுவன அடையாள எண்ணுக்கு அமெரிக்க வரித்துறை பதில் ஃபேக்ஸ் எண் தந்தவர்களுக்குச் சுமார் நான்கு வேலைநாள் என்று சொல்கிறது. வேறு அலுவலகங்கள் தங்கள் பக்கத்தில் சொல்லியிருக்கும் நாள்கள் கழியட்டும். பிறகு தொலைபேசியில் அழைத்து, கோப்பு எண், பக்க எண்ணிக்கை, அவர்கள் நாட்டு நேரப்படி எந்தத் தேதி எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். எடுப்பவர் தேட வேண்டியது இவற்றை வைத்துத்தான். அதுவரை பதிலுக்கென்று நீங்கள் தந்த எண்ணில் இருக்கும் மெஷின் இரவிலும் ஓடட்டும், தட்டில் காகிதம் இருக்கட்டும். அவர்களுடைய பகல் உங்கள் இரவாக இருக்கலாம்.